ஆமிஷ் காதல் நாவலும் வாசக மதிப்புரையும்: ஜனரஞ்சக வாசிப்புப் பற்றிய ஒரு நோக்கு

நூல்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் இலக்கியத் திறனாய்வாளரால் அறவே கவனிக்கப்படாத ஒரு வகை உண்டு. சாதாரண வாசகர் ஒருவர், தாம் வாசித்து முடித்த நாவலைப் பற்றித் தம்மையொத்த பிற வாசகர்களுக்காக எழுதும் சிறு குறிப்பே அது. கதையின் தொடக்கம் சில வரிகளில் கூறப்படும், முடிவு மறைக்கப்படும். எந்தப் பாத்திரம் மனத்தில் நின்றது, எவ்விடத்திற் கண்ணீர் வந்தது, வீட்டில் இளம்பெண் ஒருத்தி இருப்பின் அவள் கையில் இதனை நம்பிக் கொடுக்கலாமா என்பன சொல்லப்படும். இறுதியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்றொரு தீர்ப்பு வழங்கப்படும். அழகியற் கோட்பாடோ சமூக ஆய்வோ அங்கு தேடினாலுங் கிடைக்காது. ஆயினும் இன்று உலகின் பெரும்பாலான நாவல்கள் வாசகரைச் சென்றடைவது எம்போன்றோர் எழுதும் ஆய்வுகளினால் அன்று, இத்தகைய குறிப்புகளினாலேயே என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எமது விமர்சனச் சூழலிலே ஜனரஞ்சக எழுத்தை 'மூன்றாந்தர இலக்கியம்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வது நெடுநாள் வழக்கமாயிற்று. ஒதுக்கியதிலே நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதனை வாசிப்போர் எதற்காக வாசிக்கின்றனர், தமக்குள் எவ்வாறு மதிப்பிட்டுக் கொள்கின்றனர் என்ற வினாக்கள் அச்சொல்லோடு சேர்த்து ஒதுக்கப்பட்டுவிட்டன. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவலைச் சமூக வரலாற்றோடு பிணைத்து நோக்கும் முறையை எமக்குக் காட்டிற்று. அம்முறையை உயர்ந்த நாவல்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் எதுவுமில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது எமக்கு மிகத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு: ஐக்கிய அமெரிக்காவில் 'ஆமிஷ் காதல் நாவல்' என வழங்கும் புனைகதை வகையும், அதனை மதிப்பிட்டு எழுதும் வாசகியரும். இதனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. இந்நாவல்களை எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் ஒரு சமூகத்தார். எழுதப்படுவோர் மற்றொரு சமூகத்தார். அச்சிட்டு விற்போரோ இவ்விரு சாராரையுஞ் சேராத பெரு முதலீட்டாளர். இம்மூவரும் ஓரிடத்திற் சந்திப்பது வாசக மதிப்புரையிலேதான்.

முதலில் எழுதப்படுவோரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1525ஆம் ஆண்டு சூரிச் நகரிலே, குழந்தைகளுக்கு அளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்தோர் தாமே விரும்பிப் பெறுவதே செல்லும் என்று வாதிட்டோர் மறுஞானஸ்நானவாதிகள் எனப்பட்டனர். கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்தத் திருச்சபை அரசுகளும் அவர்களை ஒருங்கே வேட்டையாடின. நீரில் மூழ்கடித்தும் தீயிலிட்டுங் கொல்லப்பட்டோரின் வரலாறுகளைத் தொகுத்துக் கூறும் 'தியாகிகளின் கண்ணாடி' என்னும் பெருநூல் 1660இல் வெளிவந்தது. ஆமிஷ் இல்லங்களில் விவிலியத்துக்கு அடுத்த இடத்தில் இன்றும் இருப்பது அதுவே. 1693ஆம் ஆண்டு யாகோப் ஆமன் என்பவர், சபை ஒழுங்கை மீறியோரை விலக்கிவைக்கும் முறை கடுமையாக்கப்பட வேண்டுமென வற்புறுத்திப் பிரிந்து சென்றார். அவர் பெயராலேயே ஆமிஷ் என்ற பெயர் வழங்கலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே அவர்கள் பென்சில்வேனியாவிற் குடியேறத் தொடங்கினர்.

குதிரை வண்டி, மண்ணெண்ணெய் விளக்கு, பெண்களின் வெண்ணிறத் தலைமூடி, ஊசிகளாற் பொருத்தப்பட்ட ஒரே நிற ஆடை: வெளியார் காண்பன இவை. இவற்றின் பின்னால் இருப்பது 'ஓட்னுங்' எனப்படும் எழுதப்படாத சபை ஒழுங்கு. ஒவ்வொரு சபையும் எதை ஏற்கலாம், எதை விலக்கலாம் என்று தானே கூடி முடிவுசெய்யும். தொலைபேசி வீட்டினுள் இருத்தலாகாது, வயலோரத்துக் குடிலில் இருக்கலாம் என்பது போன்ற நுண்ணிய எல்லைகள் இவ்வாறு தோன்றியவையே. புதுமையெல்லாம் பாவம் என அவர்கள் கருதுவதாகப் பலர் எண்ணுவது தவறு. ஒரு சாதனம் அயலவரை அயலவரிடமிருந்து பிரிக்குமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆயிரமாக இருந்த இம்மக்கள் தொகை இன்று நான்கு இலட்சத்தை எட்டியுள்ளது. நிலம் போதாமையால் ஆண்கள் பலர் ஏர்த்தொழிலை விட்டுத் தச்சுப்பட்டறைக்கும் கட்டட வேலைக்குஞ் சென்றுவிட்டனர். 1972ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புக்கு மேல் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு ஆமிஷ் பெற்றோரை அரசு வற்புறுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நீதிபதி டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு, பெற்றோரின் விருப்பம் கேட்கப்பட்டது சரி, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டவர் யார் என வினவினார். இவ்வினா நாம் பேசவிருக்கும் நாவல்களின் உள்ளேயும் ஓயாது ஒலிப்பது.

ஆமிஷ் மக்களைப் பற்றி வெளியார் கதையெழுதுவது புதிதன்று. ஹெலன் மாற்றின் என்பவர் 1905இலேயே 'சபீனா' என்ற நாவலை வெளியிட்டார். 1955இல் நியூயோர்க்கின் புறோட்வே அரங்கில் இசைநாடகம் ஒன்றும், 1985இல் பீற்றர் வியர் நெறிப்படுத்திய 'விற்னஸ்' திரைப்படமும் இவர்களைப் பெருந்தொகையான பார்வையாளருக்கு அறிமுகப்படுத்தின. ஆயினும் இன்று நாம் ஆமிஷ் காதல் நாவல் எனக் கூறும் வகைக்கு வேறொரு தாய்வழி உண்டு. அமெரிக்கச் சுவிசேஷ சபையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவலை ஐயத்தோடு நோக்கியவர்கள். பொய்யைச் சொல்லிப் புலனைத் தூண்டும் எழுத்து என்பதே அவர்கள் கண்ட குறை. (றிச்சட்சனின் 'பமிலா' 1740இல் வெளிவந்தபோது போதகர் சிலராலேயே பாராட்டப்பட்டது என்பதை இவர்கள் மறந்தனர் போலும்.) அச்சபைகளின் வாசகியருக்கென்றே எழுதப்பட்ட காதல் நாவல் ஒன்று பெருஞ்சந்தையை உருவாக்க இயலும் என்பதை ஐயமற நிறுவியது, கனடிய எழுத்தாளரான ஜனெற் ஓக் 1979இல் வெளியிட்ட 'காதல் மெல்ல வரும்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நாவலாகும். இதனை வெளியிட்ட பெதனி ஹவுஸ் பதிப்பகமே 1997இல் பெவர்லி லூயிஸ் என்பவரின் 'விலக்கிவைப்பு' எனும் பொருள்படப் பெயரிடப்பட்ட நாவலையும் வெளியிட்டது.

இந்நாவலின் கதையை ஓரளவு விரித்துக் கூறுதல் அவசியம். பின்வந்த நூற்றுக்கணக்கான நாவல்களின் அச்சு இதுவே. லங்காஸ்ரர் மாவட்டத்து ஆமிஷ் பெண்ணான கேற்றி லாப், மனைவியை இழந்த சபைத் தலைவரை மணக்கவிருக்கிறாள். அவள் உள்ளம் தடைசெய்யப்பட்ட இசையை நாடுகிறது. நீரில் மூழ்கி இறந்ததாக நம்பப்படும் முதற் காதலனை மறக்கவும் இயலவில்லை. வீட்டின் மேன்மாடத்தில் ஒரு நாள் பளபளக்கும் சாட்டின் துணியாலான குழந்தையுடுப்பு ஒன்றைக் காண்கிறாள். எளிமையே அறமெனக் கொண்ட வீட்டில் இவ்வுடுப்பு எவ்வாறு வந்தது? அவள் ஆமிஷ் பெற்றோருக்குப் பிறந்தவளல்லள். 'ஆங்கிலேய'ச் செல்வப் பெண்ணொருத்தியின் மகள். (ஆமிஷ் அல்லாத அமெரிக்கர் அனைவரையும் 'ஆங்கிலேயர்' என்றே இம்மக்கள் குறிப்பிடுவர்.) திருமணம் நின்றுபோகிறது. சபை அவளை விலக்கிவைக்கிறது. பெற்ற தாயைத் தேடி அவள் புறப்படுகிறாள். இந்நாவல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று.

பத்திரிகையாளரும் ஆய்வாளருமான வலெறி வீவர்-சேர்ச்சர் 2013ஆம் ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக வெளியீடாகக் கொணர்ந்த நூல் இவ்வகை நாவல்களைப் பற்றிய முதன்மையான ஆய்வாகும். 2002இல் இரண்டே ஆமிஷ் காதல் நாவல்கள் வெளிவந்தன எனவும், 2012இல் அத்தொகை எண்பத்தைந்தாயிற்று எனவும் அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ நான்கு நாளுக்கு ஒரு நாவல். பெவர்லி லூயிஸ், வண்டா பிறன்ஸ்ரெற்றர், சின்டி வூட்ஸ்மோல் ஆகிய மூவரின் நூல்கள் மட்டும் 2 கோடியே 40 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளன. இக்காலத்தின் நடுவே 2006 ஒக்ரோபர் 2ஆம் நாள், பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னுமிடத்து ஆமிஷ் பள்ளிக்கூடத்தில் வெளியார் ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான், ஐவர் இறந்தனர். அன்றே கொலையாளியின் குடும்பத்தாரிடஞ் சென்று மன்னிப்பைத் தெரிவித்த ஆமிஷ் மக்களின் செயல் உலகையே வியக்கவைத்தது. அவர்களைப் பற்றிய ஆவலை அது பன்மடங்காக்கிற்று என்பதிற் சந்தேகமில்லை.

நாவல் பெருகியமைக்கு வீவர்-சேர்ச்சர் இரு காரணங்களை முதன்மைப்படுத்துகிறார். ஒன்று, வேகமே வாழ்வாகிவிட்ட மிகை நவீனம்; மற்றது, எதனையும் பாலுணர்வுமயமாக்கும் வணிகப் பண்பாடு. இவ்விரண்டினாலும் களைத்த வாசகி, குதிரை வண்டியின் வேகத்திற் செல்லும் காதலை நாடுகிறாள் என்பது அவர் விளக்கம். நாம் இதனை மறுக்கவில்லை. ஆனால் களைப்பு எல்லோர்க்கும் ஒரே விதமாக வருவதன்று. தொழிலகத்திலோ அலுவலகத்திலோ எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்து வீட்டு வேலையையும் முழுவதாகச் சுமக்கும் பெண்ணின் களைப்பு வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குரியது. ஆமிஷ் நாவலின் சமையலறையிலே வேலை உண்டு; ஆனால் அது எப்போதும் கூட்டாகச் செய்யப்படுகிறது. பாட்டி, அயலவள், நாத்தனார் ஆகியோர் சூழ்ந்திருக்கத் தைக்கப்படும் போர்வையும் பதப்படுத்தப்படும் பழமும் திரும்பத் திரும்ப வருணிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. தனித்து உழைப்பவள் கூடி உழைக்கும் காட்சியை வாசிக்கிறாள். சில நாவல்களின் இறுதிப் பக்கங்களிற் சமையற் குறிப்புகளும் அச்சிடப்படுகின்றன. மேலோட்டமான விமர்சகர் இதனைக் கண்டு நகைப்பர், நாம் நகைக்கவில்லை.

இனி மதிப்புரைக்கு வருவோம். வாசகியருக்காக வாசகி எழுதும் மதிப்புரையை முதன்முதலில் ஆழ்ந்து நோக்கிய ஆய்வு ஜனிஸ் றட்வேயின் 'காதற்கதையை வாசித்தல்' (1984) என்பதாகும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஊரொன்றில், புத்தகக் கடைப் பணியாளரான பெண்ணொருவர் காதல் நாவல்களை மதிப்பிட்டுச் செய்திமடல் ஒன்றை வெளியிட்டு வந்தார். ஊருக்கு 'ஸ்மித்தன்' என்றும் பணியாளருக்கு 'டொட்' என்றும் றட்வே புனைபெயரிட்டார். டொட் நல்லதென்று சொன்ன நூலையே அவ்வூர்ப் பெண்கள் வாங்கினர். ஒவ்வொரு மாதமும் வந்து குவியும் ஒரே மாதிரியான அட்டைகளுக்கிடையே எது பணத்துக்குத் தகும் என்பதை அறிய அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. றட்வே அப்பெண்களோடு அமர்ந்து உரையாடியபோது கண்டவை பல. வாசிப்பு என்பது தமக்கே உரிய நேரத்தைக் குடும்பத்திடமிருந்து மீட்கும் செயலாக அவர்களுக்கு இருந்தது. கணவனும் பிள்ளைகளும் அழைக்காத ஒரு மணி நேரம். சிலர் வாங்குமுன்னரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடிவைப் பார்த்துக்கொண்டனர். நாயகியை வன்முறைக்குள்ளாக்கும் நாவல்களை வெறுத்தனர். சமூக மாற்றத்தை நாடுவோர் இச்சிறிய எதிர்ப்பினைப் புறக்கணித்தலாகாது என்பது றட்வே வந்தடைந்த முடிவுகளுள் ஒன்று. முற்போக்கு வாசகர் இதனை மனங்கொள்ள வேண்டும் என நாமும் கருதுகிறோம்.

விசுவாச நாவலின் மதிப்புரைகளை வாசிக்கையில், மேற்போக்கான புகழ்ச்சிக்குக் கீழே உண்மையில் ஓர் அளவுகோல் இயங்குவதைக் காணலாம். அதன் மையச் சொல் 'சுத்தம்'. சுத்தமான நாவல் என்பது படுக்கையறைக்குள் நுழையாதது, வசைச்சொல் இல்லாதது, குடியைக் கொண்டாடாதது. பதிப்பகங்களே இதனை விதியாக்கியுள்ளன. ஹார்லக்குயின் நிறுவனம் 1997இல் தொடங்கிய விசுவாசக் காதல் வரிசையின் எழுத்தாளருக்கான வழிகாட்டல்கள் இவ்வாறானவையே. எனினும் இச்சொல்லைத் தூய்மைவாதம் என்று மட்டும் விளங்கிக்கொள்வது அரைகுறை விளக்கமாகும். ஸ்மித்தன் பெண்களின் வெறுப்பையும் இதனையும் ஒருசேர வைத்து நோக்கினால், 'என்னை எதிர்பாராத இடத்தில் காயப்படுத்தாத நூல் எது?' என்ற கேள்வியும் அச்சொல்லுக்குள் இருப்பது புலனாகும். நூலொன்றைத் திறக்கும் பெண் தன் பாதுகாப்பைப் பற்றி மற்றொரு பெண்ணிடம் விசாரிக்கிறாள். மற்றவள் விடை தருகிறாள். எமது திறனாய்வுகளில் இத்தகைய பொறுப்புணர்வு எத்தனை முறை வெளிப்பட்டுள்ளது என்று கேட்டுக்கொள்வது தகும்.

இரண்டாவது அளவுகோல், நூல் வாசகியின் விசுவாசத்தை வளர்த்ததா என்பது. லின் நீல் 2006இல் வெளியிட்ட ஆய்வு, சுவிசேஷ சபைப் பெண்கள் இந்நாவல்களைப் பொழுதுபோக்காக மட்டுமன்றித் தம் சமய வாழ்வின் பகுதியாகவும் கொள்வதை விரிவாகக் காட்டியது. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. சுவிசேஷ மரபிலே, ஒருவர் தனிப்பட்ட மனமாற்றத்தினால் இரட்சிப்பைப் பெற்றுவிட்டேன் என உறுதியாகக் கூறுதல் விசுவாசத்தின் அடையாளம். ஆமிஷ் மரபிலோ அவ்வாறு கூறுதல் செருக்கு. இரட்சிப்பு நம்பிக்கையோடும் பணிவோடும் காத்திருத்தற்குரியது, சபையோடு சேர்ந்து வாழ்ந்து அடையப்படுவது. பல நாவல்களில் நாயகி ஒருநாள் தனித்திருந்து விவிலியம் வாசித்துத் தனிமனித மனமாற்றம் அடைகிறாள். சபையின் ஒழுங்கு வெறுஞ் சடங்காக அவளுக்குத் தோன்றுகிறது. தலைமூடியும் குதிரை வண்டியும் ஆமிஷ் மக்களுடையவை. உள்ளமோ சுவிசேஷ வாசகியினுடையது. அந்த இடமே மதிப்புரைகளில் மிகவும் மனத்தைத் தொட்ட இடமாகப் பாராட்டப்படுகிறது. பிறரைப் பற்றி வாசிப்பதாக எண்ணித் தன்னையே வாசித்து மகிழும் நிலை இது.

இந்நாவல்களின் மையச் சிக்கல் பெரும்பாலும் 'போவதா, இருப்பதா?' என்பது. பதினாறு வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெறும்வரை இளையோர்க்குக் கிடைக்கும் தளர்வான பருவத்தை ஆமிஷ் மக்கள் 'றும்ஸ்பிறிங்கா' என்பர். நாவலாசிரியருக்கு அது வற்றாத ஊற்று. உண்மையில் இளையோரிற் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் சபையிற் சேர்ந்தே விடுகின்றனர். சேர்வோரின் வாழ்வு நாவலுக்குப் போதிய சுவையற்றது போலும். அட்டையை நோக்கினால் இம்முரண் கண்முன்னே தெரியும். வெண்ணிறத் தலைமூடி அணிந்த இளம்பெண் வயல்வெளியை நோக்கி நிற்கிறாள். அவள் ஆமிஷ் பெண்ணல்லள், தொழில்முறை மாதிரிப் பெண். உருவப்படத்துக்கு முகங்கொடுப்பதைத் தற்பெருமையெனத் தவிர்க்கும் ஒரு மக்கட் கூட்டம், நிழற்பட முகத்தினாலேயே விற்கப்படுகிறது. மதிப்புரையாளர் அட்டையைப் புகழ்வது அடிக்கடி காணக்கூடியது.

விற்போர் யார் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. கிறிஸ்தவ நூல் வெளியீடு ஒருகாலத்திற் சபைகளோடு பிணைந்த சிறு நிறுவனங்களின் பணியாயிருந்தது. 1988இல் சொன்டர்வன் நிறுவனத்தை ஹாப்பர் குழுமம் வாங்கியது. தோமஸ் நெல்சன் 2012இலும், ஹார்லக்குயின் 2014இலும் அதே குழுமத்தின் கையிற் சேர்ந்தன. இக்குழுமத்தின் உடைமையாளர் பரபரப்புப் பத்திரிகைகளால் உலகறிந்த நியூஸ் கோப்பரேசன். ஒரு கையாற் பரபரப்பையும் மறுகையால் அதிலிருந்து தப்பும் அடைக்கலத்தையும் ஒரே முதலாளி விற்கின்றார். மிகை நவீனத்தினாற் களைத்தோருக்கு மருந்து தருவதாகக் கூறும் இந்நாவல், நான்கு நாளுக்கு ஒன்றெனும் வேகத்தில் வெளிவந்ததன் பொருளும் இதுவே.

வாசக மதிப்புரையும் இந்த உற்பத்தி ஒழுங்கினுள் இழுக்கப்பட்டுவிட்டது. டொட்டின் செய்திமடல் செல்வாக்குப் பெற்றதும் நியூயோர்க் பதிப்பாசிரியர்கள் அவருக்கு அச்சுப்படிகளை முன்கூட்டியே அனுப்பிக் கருத்துக் கேட்கத் தொடங்கினர். 1981இல் வாசகியருக்கென்று தொடங்கப்பட்ட 'றொமான்ரிக் ரைம்ஸ்' சஞ்சிகை, நான்கரை நட்சத்திரத்தை உச்சமாகக் கொண்ட மதிப்பீட்டு முறையால் நாவல்களின் விற்பனையையே தீர்மானிக்குமளவுக்கு வளர்ந்து 2018இல் நின்றுபோயிற்று. இன்று பதிப்பகங்கள் மதிப்புரைக்கெனச் சாதாரண வாசகியருக்கே இலவசப் பிரதி அனுப்புகின்றன. அவ்வாறு பெற்றதை வாசகருக்குத் தெரிவித்தல் வேண்டுமென அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009இல் வழிகாட்டல் விதித்தது. ஆகவே இத்தகைய குறிப்புகளின் அடியில், நூல் இலவசமாகக் கிடைத்தது, கருத்து எனதே என்ற வாசகம் காணப்படும். நாம் அதனைப் பொய்யென்று கூறவில்லை. ஆனால் ஒரு நூலைக் கடுமையாகக் கண்டித்தவருக்கு அடுத்த நூல் அதே விரைவில் வருமா என்ற எண்ணம் எழுதுபவர் மனத்தின் ஓரத்தில் இருத்தல் இயல்பு. அயலவளின் அறிவுரையாயிருந்தது கூலியில்லாத விற்பனை வேலையாக மாறும் எல்லை மிக மெல்லியது. எமது நாட்டில் நூல் வெளியீட்டு விழாவுக்கு மறுநாள் எழுதப்படும் மதிப்புரைகளை நினைவுகூர்வோர் இதில் அமெரிக்கரை மட்டும் குறைகூற மாட்டார்.

'சுத்தம்' என்ற அளவுகோலின் மறுபக்கத்தை இங்கு கூறவேண்டியுள்ளது. நாவலுக்குள் வாசகியைக் காயப்படுத்தக்கூடியது எதுவும் நுழையலாகாது என்ற விதி, நாவல் பேசும் மக்களுக்கு நேர்ந்த காயங்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2020ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் வெளியான புலனாய்வுக் கட்டுரை, ஆமிஷ் குடும்பங்களிற் சிறுமியர் மீது நிகழ்ந்த பாலியல் வன்முறைகள் பல மாநிலங்களில் எவ்வாறு மறைக்கப்பட்டன என்பதை வெளிக்கொணர்ந்தது. குற்றமிழைத்தவன் சபை முன் மண்டியிட்டுப் பாவ அறிக்கை செய்தால் சில வார விலக்குக்குப் பின் ஏற்கப்படுவான். மன்னிக்க மறுக்கும் பெண்ணே அதன்பின் குற்றவாளியாக நோக்கப்படுவாள். உலகம் வியந்த அதே மன்னிப்பு, வீட்டினுள் இவ்வாறும் இயங்கக்கூடும். இத்தகைய கொடுமை ஆமிஷ் மக்களுக்கே உரியதன்று என்பதை வற்புறுத்த வேண்டும். ஆயின் மன்னிப்பை ஆமிஷ் வாழ்வின் மணிமுடியாகக் காட்டும் நாவலும், அதனை ஐந்து நட்சத்திரத்தாற் சிறப்பிக்கும் மதிப்புரையும், இச்சிறுமியர் பேசுவதற்கிருந்த இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கின்றன. பாதுகாப்பை விரும்பும் வாசகியும் பாதுகாப்பை இழந்த சிறுமியும் எதிரெதிராக நிறுத்தப்பட வேண்டியவரல்லர். அவ்வாறு நிறுத்துவது சந்தை.

ஆமிஷ் மக்கள் தாமே எதை வாசிக்கின்றனர் என்பதை எவரும் கேட்பதில்லை. ஒகையோவின் சுகர்கிறீக்கிலிருந்து 1890 முதல் வெளிவரும் 'பட்ஜற்' வாரப் பத்திரிகையில், ஊர் ஊராக எழுத்தர்கள் அறுவடை, நோய், வருகை, பிறப்பு, இறப்பு ஆகியவற்றை எழுதியனுப்புகின்றனர். 1964இல் கனடாவின் ஒன்ராறியோவில் ஆமிஷ் மக்களே நிறுவிய பாத்வே பதிப்பகம் சஞ்சிகைகளும் பள்ளி நூல்களும் வெளியிட்டு வருகிறது. சபையை விட்டு நீங்காத ஆமிஷ் பெண்ணான லின்டா பைலர் நாவல்களும் எழுதியுள்ளார். வெளியார் எழுதும் காதல் நாவல்களை ஆமிஷ் பெண்களுட் சிலர் விரும்பியும் சிலர் மறைத்தும் வாசிப்பதையும், வேறு சிலர் வெறுப்பதையும் வீவர்-சேர்ச்சர் பதிவுசெய்துள்ளார். லங்காஸ்ரரில் திருமணங்கள் மரபாக அறுவடை முடிந்தபின், செவ்வாய் அல்லது வியாழக்கிழமைகளில் நடைபெறும். விருந்துக்குச் செலரித் தண்டு இன்றியமையாதது. அவ்வாண்டு எவ்வீட்டுத் தோட்டத்தில் அது மிகுதியாகப் பயிராகிறதோ அவ்வீட்டுப் பெண்ணுக்கு மணம் என அயலார் ஊகிப்பர். இவ்வாறான செய்திகளில் நாவலாசிரியர் தவறினால் நகைப்பவரும், இறைக் கொள்கையிலே தவறினால் வருந்துபவரும் இவ்வாசகியரே. இவர்கள் எழுதாத மதிப்புரைதான் இவ்வகை நாவலுக்கு மிக வேண்டப்படுவது.

ஒருமுறை அத்தகைய மதிப்புரை எழுதப்பட்டிருக்கிறது. அது நூல் வடிவில் வந்தது. ஆமிஷ் குடும்பத்திற் பிறந்து வளர்ந்த ஜோசப் யோடர், தம் மக்களைக் கொச்சைப்படுத்திய வெளியார் கதைகளால் மனம் புண்பட்டு, அவற்றுக்கு மறுமொழியாக 1940இல் தம் தாயின் வரலாற்றை 'ஆமிஷ் மக்களின் றொசன்னா' என்ற பொருளுடைய தலைப்பில் எழுதித் தாமே வெளியிட்டார். றொசன்னா ஐரிஷ் கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, தாயை இழந்து, மணமாகாத ஆமிஷ் பெண்ணொருத்தியால் வளர்க்கப்பட்டவள். கேற்றி லாப்பின் கதையும் இதுவேயன்றோ: வெளியில் பிறந்து ஆமிஷ் வீட்டில் வளர்ந்த பெண். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்வந்த நாவல் அவளைச் சாட்டின் உடுப்பின் பின்னால் வெளியே அனுப்பியது. யோடரின் றொசன்னா, தன் இரத்த உறவினர் அழைத்தும், வளர்த்தவளின் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள்.